நாற்றம் புகாத அறை

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் என் சமையலறைச் சன்னல் விவாதப் பொருளாயிற்று. இத்தனை வருடம் எழுதியும் என் சம்பந்தப்பட்ட ஒன்றை ஒரு கூட்டம் உட்கார்ந்து விவாதித்தது அதுதான் முதல் முறை. கொடுங்கையூர்க் குப்பை மேடு மறுபடி பற்றிக்கொண்டிருந்தது. மாதவரம் வரைக்கும் புகை. எல்லா மாடியிலும் சன்னல்களைச் சாத்திவிட்டார்கள், ஒன்றைத் தவிர. அதைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். படத்தில் சன்னலோடு என் வழுக்கையும் விழுந்திருந்தது. "சாருக்கு உதவி எதுவும் தேவையா?" என்று செயலாளர் கேட்டிருந்தார். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டதா என்பதை இதைவிட மரியாதையாகக் கேட்க முடியாது.

அவருக்குப் பதில் போடவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். என் வயதில் இருப்பவர்கள், அதிலும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் கடலோரம் வளர்ந்தவர்கள் என்றால், பாதியை நான் சொல்லாமலே விளங்கிக்கொள்வீர்கள்.

நமக்கெல்லாம் முதலில் கற்பித்த பாடம் "சாத்து" என்பதுதானே. எங்கள் குப்பத்துக்கு வடக்கே கம்பெனி. அங்கே என்ன செய்தார்கள் என்று எங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. செய்யும்போது என்ன நாறும் என்று மட்டும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடக்கிலிருந்து திரும்பும். அப்போது ஒரு நாற்றம் வரும். மூக்கில் ஏறுவதற்கு முன்னால் கண்ணில் ஏறும். யார் முதலில் உணர்ந்தாலும் "நாத்தம் வருது, சாத்து!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டவர் அடுத்த வீட்டுக்குக் கத்த வேண்டும். கதவு, சன்னல், கதவுக்குக் கீழே ஈரச் சாக்கு, மூக்கில் ஈரத் துணி. சோறு பாதி வாயில் இருக்கும்போதும் செய்வோம். தலை வலிக்கும், வாந்தி வரும், காற்று மாறினால் சரியாகிவிடும். தலை வலித்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சாத்து. இதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

ஓலைக் குடிசையை எப்படிச் சாத்துவது என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் நைனா, அதாவது என் அப்பா, ஒரு அறையைக் கட்டினார்.

நைனா கம்பெனி ஆள். கடற்கரையை வளைத்துப்போட்டதற்கு ஈடாகக் குப்பத்தில் சிலருக்கு வேலை கொடுத்தார்கள். அதில் நைனாவும் ஒருவர். பாய்லர் பட்டறையில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து அடித்து, எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அவர் காது போய்விட்டது. போய்விட்டது என்பதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஊரில் எல்லாரும் வாய்க்குள் பேசுகிறார்கள் என்பது அவர் கட்சி.

எங்கள் ஓலை வீட்டின் பின்புறத்தில் அவர் ஒரு சிமென்ட் அறை எழுப்பினார். மேலே கல்நார்த் தகடு. தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கையெல்லாம் தானே ஏணியில் நின்று தார் காய்ச்சி அடைத்தார். ஒரு கதவு, ஒரு சிறிய சன்னல். சன்னல் சட்டத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். நாற்றம் வரும் நாளில் தெருவே அந்த அறைக்குள் வந்து குந்தும். பிள்ளைகள், மீன் கூடைக்காரிகள், யாருடைய கோழியோ ஒன்று. உள்ளே வியர்வையும் மீனும் தாரும் கலந்து ஒரு மணம் இருக்கும். ஆனால் கம்பெனி நாற்றம் இருக்காது. "நம்ம வூட்டாண்ட கொசு கூட கேட்டுத்தான் உள்ள வரணும்" என்று நைனா சொல்வார். அவர் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே பொருள் அந்த அறை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு வருடம், தீபாவளிக்கு முன்பு அவர் ஒரு எஞ்சினைக் கொண்டுவந்தார்.

கம்பெனியின் பெரிய அதிகாரிக்கு ஒரு பங்களா. பங்களாவுக்கு ஒரு புல்வெளி. புல்லை வெட்ட ஒரு குட்டி டிராக்டர், வெளிநாட்டுச் சரக்கு, உயரம் ஆட்டுக்கடா அளவு. அது பழுதாகிப் பல மழைக்காலம் கொட்டகையில் கிடந்து, பழைய இரும்போடு போக இருந்தது. நைனா அதன் எஞ்சினைக் கேட்டுக் கழற்றிக்கொண்டார். அவரும் என் தாய்மாமனும் அதை ஒரு கழியில் கட்டித் தோளில் சுமந்து மணலில் வந்த காட்சி, யாருக்கோ இறுதி ஊர்வலம் போல இருந்தது. அப்போது சிரித்தோம்.

மாமன் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. அவனிடம் ஒரு பழைய பலகைப் படகு இருந்தது. துடுப்புப் போட்டுத்தான் போவான். கம்பெனிச் சுடுதண்ணீர் முகத்துவாரத்தில் விழத் தொடங்கியபின் மீன் கரையை விட்டு எட்டப் போய்விட்டது. எஞ்சின் வைத்தவன் போய்ப் பிடித்தான். துடுப்புக்காரன் போய்ச் சேர்வதற்குள் அவன் திரும்பி வந்துகொண்டிருந்தான். இப்படியே போனால் மாமன் படகை விற்றுவிட்டுக் காசிமேட்டில் யாருடைய விசைப்படகிலாவது கூலிக்கு ஏற வேண்டியதுதான். ஐஸ் உடைக்கவும், வலை இழுக்கவும், திட்டு வாங்கவும்.

"பொங்கலுக்குள்ள இத்த ஓட வெச்சிடு மாமா. இல்லாங்காட்டி நான் காசிமேடுதான்" என்றான் நைனாவிடம். அக்காள் புருஷன் அவனுக்கு மாமா.

"இன்னா?" என்றார் நைனா.

"காசிமேடு! காசிமேடு!"

"காசிமேட்டுக்கு ஏன்டா போறே? அதான் எஞ்சினு கீதே."

எஞ்சினை எங்கே வைப்பது? உப்புக் காற்றும் மழையும் படாத இடம் குப்பத்திலேயே ஒன்றுதான். அறைக்குள் போனது. அம்மா பாய், தலையணை, அரிசிப் பானையோடு வெளியே வந்தாள்.

"அந்தச் சனியன் உள்ள கீற வரைக்கும் நான் உள்ள கால் வெக்க மாட்டேன். நாத்தம் வந்தா வந்துட்டுப் போவுது" என்றாள்.

நைனாவுக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்தார். காது கேளாத புருஷனோடு சண்டை போடுவது கடலோடு சண்டை போடுவது மாதிரி என்று அம்மா சொல்வாள். கடலாவது பதிலுக்கு இரையும்.

பள்ளி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். ஒரே சிலிண்டர். உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக்கிடந்தது. பிளக் துளை வழியாக மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். தினமும் கொஞ்சம் ஊற்றுவது, மரக்கட்டையை வைத்துத் தட்டுவது, மறுபடி ஊற்றுவது. என் சட்டை, புத்தகம், இட்லி எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் மணந்தது. இன்றும் அந்த மணம் வந்தால் எனக்குப் பசிக்கிறது. இதை ஒரு டாக்டரிடம் சொன்னபோது அவர் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஒருநாள் பிஸ்டன் அசைந்தது. ஒரு நகம் அளவு. மாமன் என்னைத் தூக்கிச் சுற்றினான். அதன்பின் கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குள் குடியிருந்த குளவிக்கூட்டை எடுத்தார்கள். பழைய செருப்புத் தோலை வெட்டி கேஸ்கெட் செய்தார்கள். பொறி வருகிறதா என்று பார்க்க நைனா பிளக் ஒயரை மாமன் கையில் கொடுத்து, கயிற்றை இழுத்தார்.

"யப்பா!" என்று மாமன் எகிறி விழுந்தான்.

"வர்ரமாரி கீதே" என்றார் நைனா திருப்தியாக.

"யோவ், உன் காது போனமாரி என் கையும் போவணுமா? நீ புடிச்சிப் பாக்கறதுதானே?"

"நான் புடிச்சா யாரு கயிறு இஸ்கறது?"

எஞ்சின் என்ன சொல்கிறது என்று நைனாவுக்குத் தெரிய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, அதன் மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார். காது வழியே போகாதது பல் வழியே மண்டைக்குப் போய்விடும். கண்களை மூடிக்கொண்டு, கரும்பு கடிப்பவர்போல நிற்பார். இன்னொன்று நான்.

"இன்னா சொல்லுது?"

"ஃபுஸ்ஸுங்குது நைனா!" என்று அவர் காதுக்குள் கத்துவேன்.

"இப்போ?"

"லொடக்குன்னுது, அப்பறம் ஃபுஸ்ஸு!"

சத்தத்துக்குச் சொல் தேடுவதுதான் என் முதல் எழுத்து வேலை. அத்தனை கவனமான வாசகர் அதன்பின் எனக்குக் கிடைக்கவில்லை.

அது கார்த்திகை. விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை மதியம். கயிற்றைச் சுற்றுவதும் இழுப்பதும் காலையிலிருந்து நடந்தது. மழைச் சாரல் பொறி தரும் மேக்னட்டோவில் படக்கூடாதென்று சன்னலை முன்பே சாத்தியிருந்தார்கள். கதவு மட்டும் திறந்திருந்தது. மாமனின் உள்ளங்கை கொப்புளம் கட்டிவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று பலமுறை சொன்னான். அப்படி ஒரு தடவையில் அது இருமியது. கறுப்பாக ஒரு வாய்ப் புகை விட்டது. பிறகு டுப்பு, டுப்பு, டுப்பு என்று பிடித்துக்கொண்டது.

நைனா ஸ்க்ரூ டிரைவரைத் தேடவில்லை. இரண்டு கையையும் எஞ்சின்மேல் வைத்தார். அவர் முழங்கையெல்லாம் நடுங்கியது. வாயைத் திறந்து சிரித்தார். அவருக்கு அத்தனை பற்கள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

"இன்னா சொல்லுது?"

"ஓடுது நைனா! ஓடுது!"

"அக்காகிட்ட போய்ச் சொல்லு மாப்ள" என்று மாமன் என்னை விரட்டினான். "டீ வெக்கச் சொல்லு. நாளைக்கி உங்க மாமன் ஆந்திரா வரைக்கும் போவப்போறான்னு சொல்லு."

முன்பக்க ஓலை வீட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்பை மூட்டியபடியே காது கொடுத்துக் கேட்டாள். "இந்தச் சத்தத்துக்காடா இம்மாம் பேஜாரு?" என்றாள். ஆனால் சிரித்தாள். டீத்தூள் கொஞ்சம் கூடவே போட்டாள்.

அப்போது நாற்றம் வந்தது. கண் எரிந்தது. அம்மா எழுந்து, பின்வாசலுக்கு வந்து, வழக்கமாகக் கத்துவதுபோலக் கத்தினாள்.

"நாத்தம் வருது! சாத்து! டேய் தம்பி, கதவ சாத்துடா!"

நைனாவுக்குக் கேட்டிருக்காது. மாமன் தலையை நீட்டிக் கையை ஆட்டினான்.

"அத்த அமத்திட்டு உள்ள வாயேன்டா" என்றாள் அம்மா.

"அமத்துனா மறுபடி புடிக்காதுக்கா! கொஞ்ச நேரம் ஓடட்டும், சூடு ஏறட்டும். நீ மூக்க மூடிக்கோ."

கதவு சாத்தப்பட்டது. கீழே ஈரச் சாக்கைத் திணிப்பது தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கூடைக்கார அக்கா வழக்கம்போலத் தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அறைக்கு ஓடிவந்தாள். "உள்ள எடம் இல்ல, மிசினு ஓடுது. இங்கியே குந்து" என்று அம்மா அவர்களை எங்களோடு உட்காரவைத்தாள். ஈரத் துணியை மூக்கில் பிடித்துக்கொண்டு எல்லாரும் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல சீரான ஓட்டம். கூடைக்கார அக்கா, "உன் தம்பி கெட்டிக்காரன்தான், இனிமே பொண்ணு குடுப்பாங்கோ" என்றாள். அம்மா துணிக்குள்ளேயே சிரித்தது கண்ணில் தெரிந்தது. சத்தம் வரும் வரைக்கும் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே நினைப்போம். உள்ளே இருந்தவர்களுக்குத் தலை வலித்திருக்கும். வாந்தி வந்திருக்கும். எங்களுக்கெல்லாம் பழகிய அதே தலைவலி. இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சாத்தியிருப்பார்கள்.

காற்று மாறி நாற்றம் விட்டுப்போனது. எஞ்சின் இருமி, நின்றது.

"பெட்ரோல் தீந்துபோச்சி போல. இனிமே டீ குடிக்க வருவாங்கோ" என்றாள் அம்மா.

வரவில்லை. கயிறு இழுக்கும் சத்தமும் வரவில்லை. அம்மா போய்க் கதவைத் தள்ளினாள். சாக்கு அடைத்துக்கொண்டு திறக்கவில்லை. அவளும் கூடைக்கார அக்காவும் சேர்ந்து தோளால் இடித்தார்கள்.

நைனா கதவோரமாகவே குப்புறக் கிடந்தார். மாமன் எஞ்சின்மேல் சாய்ந்திருந்தான், கயிறு கையில் சுற்றியபடி. அவன் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் முதலில் அழவில்லை. அத்தனை சிவப்பாக, வெயிலில் நின்று வந்தவன்போல இருந்தது. "நல்லாதான் கீறான், தண்ணி தெளிங்க, நல்லாதான் கீறான்" என்று கூடைக்கார அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் நைனா பிழைத்துக்கொண்டார். மாமன் பிழைக்கவில்லை. ஒரு இளவயது டாக்டர் கட்டிலருகே வந்து, மூடிய அறையில் எஞ்சின் ஓடியதா என்று கேட்டார். நைனா அவர் உதட்டையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் காது நான்தானே.

"இன்னா சொல்றாரு?"

டாக்டர் சொல்வதை நான் குனிந்து அவர் காதுக்குள் கத்தினேன். வார்டு முழுதும் திரும்பிப் பார்த்தது. "எஞ்சின் பொகையாம் நைனா! கம்பெனி நாத்தம் இல்லியாம்! ரூம் சாத்திக்கினு இருந்ததாலயாம்!"

நைனா கூரையைப் பார்த்தார். நான் மறுபடி கத்த வாயெடுத்தேன். என் வாயைக் கையால் பொத்தினார். அந்தக் கையில் இன்னும் மண்ணெண்ணெய் மணம் இருந்தது.

"உங்கம்மாகிட்ட சொல்லாதே" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் மெல்லப் பேசினார்.

அதற்குள் ஊர் மாமனைக் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் கிடத்திவிட்டது. இத்தனை வருடம் நாற்றத்தைத் தின்றவர்கள். அவர்கள் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் வாயுவால் இது நடக்கவில்லை என்று கம்பெனி சொன்னது. இதற்குமுன் கம்பெனி சொன்ன எதையும் நம்ப முடிந்ததில்லை; முதன்முதலாக ஒரு உண்மையைச் சொன்னபோது நம்ப ஆளில்லை. அம்மா வாசல் இரும்புக் கம்பியைப் பிடித்து உலுக்கி, "என் தம்பிய குடுங்கடா" என்று குரல் போகும்வரை கத்தினாள்.

பிழைத்து வந்த ஒரே சாட்சி நைனா. கம்பெனி அதிகாரிகள் கூப்பிட்டு, எஞ்சின்தானே என்று கேட்டார்கள். "இன்னா?" என்றார். ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு, கம்பெனி வாயுதானே என்று கேட்டார்கள். "இன்னா?" என்றார். காது கேளாதது அவருக்கு உபயோகப்பட்டது அப்போதுதான். இரண்டு பக்கமும் அவரைக் கைவிட்டன. கம்பெனி அவரைக் குப்பை வண்டிப் பக்கம் மாற்றியது. ஊர், "கம்பெனி சோறு வாய அடச்சிடுச்சி" என்று முகத்துக்கு நேரே பேசியது. கேட்காது என்ற தைரியம். கோயில் திருவிழாவில் அவருக்குச் சேர வேண்டிய மரியாதை நின்றது. நானும் ஊரோடு சேர்ந்துதான் அவரை அளந்தேன். மீசை வைத்த கோழை என்பது என் முடிவு. நிறையப் படித்தவனுக்கு மனிதர்களை அளப்பது சுலபம்.

அறையை அவர் பூட்டிவிட்டார், எஞ்சின் உள்ளேயே இருக்க. பிறகு நாற்றம் வந்த நாட்களில் தெருவுக்குப் போக இடமில்லை. யாரும் சாவி கேட்கவுமில்லை. மாமனின் படகு மணலில் கிடந்து, பலகை பலகையாக அடுப்புக்குப் போனது. அவனுடைய படத்தோடு ஊர் இன்றும் வருடாவருடம் பேனர் கட்டுகிறது, விஷவாயுவுக்குப் பலியானவன் என்று. சில வருடங்களில் கடல் மணலை அரித்துக்கொண்டு வந்தது. முதலில் ஓலை வீடு, பிறகு ஒரு ஐப்பசியில் அறை. தார் பூசிய இடுக்குகள் வழியாக ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல், அறை அப்படியே சாய்ந்து இறங்கியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நைனா நன்றாகத்தான் கட்டியிருந்தார்.

அவர் போனபின் அம்மா எங்களோடு மாதவரத்துக்கு வந்தாள். கம்பெனியைச் சபிக்காமல் அவள் சோற்றில் கை வைத்ததில்லை. நான் வாய் திறக்கவில்லை. நைனா எதற்காக அதைச் சொல்லாதே என்றார் என்று எனக்கு உறைப்பதற்கே தலை நரைக்க வேண்டியிருந்தது: சாத்து என்று அன்று கத்தியது யார்?

வந்த முதல் கோடையில் குப்பை மேட்டுப் புகை வந்தது. என் மனைவி ஓடி ஓடி எல்லாச் சன்னலையும் சாத்தினாள். கேஸ் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலைவிட்டு மெல்ல எழுந்தாள். சுவரைப் பிடித்துச் சமையலறைக்குப் போனாள். சாத்திய சன்னலை நகர்த்தித் திறந்தாள். புகை உள்ளே வந்தது.

"அத்தே, நாத்தம் வருதே" என்றாள் மனைவி.

"வரட்டும். அடுப்பு எரியுது பாரு" என்றாள் அம்மா. "ஒண்ணு தொறந்தே இருக்கட்டும்."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோறு வெந்து அடுப்பை அணைக்கும்வரை, சன்னலை யாரும் சாத்திவிடாதபடி அதன் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றாள். அது புகையால்தான் என்று நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டோம்.